‘அயர்லாந்து’ என்பது ஊர்ப் பெயர் இல்லை

என் மாமியாருக்கு இப்போது 83 வயது. இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் நான் அவரை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தேன். என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து அவருக்கு அதுவே பழகிவிட்டது.

மதுரையிலிருந்து என் அப்பா முதன்முறை விட்னஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பிட உட்கார்ந்ததும் அத்தையிடம் நாம் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “உங்களுக்குச் சொந்த ஊர் எது?” நான் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நான் இங்கேதான் பிறந்தேன்” என்றார் அத்தை. “அது சரி, பூர்வீகம்?” என்றார் அப்பா. அத்தை கொஞ்சம் யோசித்தார். “என் கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து வந்தவர். பஞ்சத்தில் வந்தார் என்பார்கள். எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.” அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. ராத்திரி மட்டும் என்னிடம் வந்து, “பாவம், ஊர் தெரியாம எப்படிம்மா?” என்றார்.

அத்தைக்கும் அந்தக் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு ஜெபமாலை, இரண்டு இரங்கல் அட்டைகள், யாரென்று தெரியாத ஒரு தாடிக்காரரின் புகைப்படம், அத்தையின் பாட்டியின் ஞானஸ்நானச் சீட்டு. அவ்வளவுதான்.

நான் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். வரலாறு படித்தவள் இல்லை. அந்த டின்னிலிருந்து ஓர் ஊரின் பெயரைக் கண்டெடுக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அதில் ஒன்றரை வருடம் முழுக்க வீண். மற்றவர்களுக்காவது அந்த ஒன்றரை வருடம் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என்னைப் போல இங்கே வந்து, ஐரிஷ் வழிவந்த குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு நாள் இரண்டு பக்கத்துப் பூர்வீகத்தையும் கேட்பார்கள். அத்தை கேட்டுக்கொண்டபடி குடும்பப் பெயரை மட்டும் சொல்லாமல் விடுகிறேன்.

முதலில் நான் தேடியது கப்பல் பட்டியலை. ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு இருக்கிறது. அதில் அப்பா பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் உண்டு. அத்தையின் கொள்ளுத்தாத்தாவுக்கும் அப்படி ஒன்று எங்கேயோ இருக்கும் என்று நம்பினேன். கிடையாது. 1801 முதல் 1922 வரை அயர்லாந்து முழுவதும் பிரிட்டனோடு சேர்ந்த ஒரே நாடு. டப்ளினில் ஏறி லிவர்பூலில் இறங்குவது உள்நாட்டுப் பயணம். திண்டுக்கல்லில் பஸ் ஏறி மதுரையில் இறங்குகிறவர் பெயரை யார் எழுதி வைக்கிறார்கள்? உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்து 1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகமானவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். 1847-இல் மட்டும் லிவர்பூலில் வந்து இறங்கியவர்கள் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர். அந்த நகரத்தின் மொத்த ஜனத்தொகையே அப்போது நான்கு லட்சத்துக்குள்தான். தலைகளை எண்ணினார்கள், பெயர்களை எழுதவில்லை. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் மாறியவர்களுக்கு நியூயார்க்கில் பட்டியல் உண்டு. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவர்களுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

அடுத்து டப்ளின். அத்தையின் அண்ணன் உறுதியாகச் சொன்னார்: “அவர் டப்ளின்காரர். எங்கள் அப்பா அப்படித்தான் சொல்வார்.” சரி என்று டப்ளின் தேவாலயப் பதிவேடுகளில் இறங்கினேன். கொள்ளுத்தாத்தாவுக்கு இருந்ததோ அயர்லாந்தில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர். அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில், டப்ளினில் மட்டும் முப்பது பேருக்கு மேல் அகப்பட்டார்கள். அதில் ஒருவரை இவர்தான் என்று முடிவுகட்டி ஒரு வருடம் அந்தக் குடும்பத்தின் பின்னால் போனேன். பிறகு அந்த ஆள் ஐந்து வயதிலேயே இறந்துபோன பதிவு கிடைத்தது.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் அவற்றில் மிஞ்சுவது கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயர், பிறந்த ஊரின் பெயர் இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருந்தவர்களும் டப்ளினுக்கு நடந்துதான் வந்திருக்கிறார்கள். ராஸ்காமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற பண்ணையிலிருந்து 1847 மே மாதம் 1,490 பேரை வெளியேற்றி, கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை நடத்தியே அனுப்பினார்கள். சுமார் 165 கிலோமீட்டர். அங்கிருந்து லிவர்பூல், அப்புறம் கனடா. குழந்தை குட்டிகளோடு அப்படி நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ‘டப்ளின்’ என்ற சொல் மட்டும் நினைவில் நின்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

ஒன்றரை வருடம் இப்படிப் போன பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அயர்லாந்தில் எதைத் தேடுவதற்கும் ஓர் இடத்தின் பெயர் வேண்டும். அந்தப் பெயர் அயர்லாந்தில் கிடைக்காது. அது இங்கிலாந்தில்தான், அவர் வாழ்ந்து முடித்த தெருக்களின் காகிதங்களில்தான் இருக்கும். எனவே கடலைத் தாண்டுவதை நிறுத்தினேன். அத்தையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போனேன்.

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு 1837 ஜூலை முதல் பதிகிறது. ஃப்ரீபிஎம்டி என்ற தளத்தில் அதன் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். அரசுப் பதிவகத்தின் சொந்த அட்டவணை இன்னும் உபயோகமானது. பிறப்புப் பதிவுகளில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் அதில் தெரியும். அதை வைத்துக் கொள்ளுத்தாத்தாவின் ஒன்பது பிள்ளைகளையும் வரிசையாகக் கண்டுபிடித்தேன். நால்வர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். அத்தைக்கு ஐந்து பேரைப் பற்றித்தான் தெரியும். மீதி நால்வரின் பெயர்களை அவர் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து வருடத்துக்கு ஒன்று. 1861-இல் அவர் விட்னஸில் இருக்கிறார். ரசாயனத் தொழிற்சாலைக் கூலி. அந்த ஊரில் 1847-இல் முதல் ரசாயனத் தொழிற்சாலை வந்தது. சோடா உப்பும் வெளுப்புத் தூளும் காய்ச்சுகிற, நுரையீரலைத் தின்னும் வேலைக்கு ஐரிஷ்காரர்கள் நிறையப் பேர் போனார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: அயர்லாந்து. 1871-இலும் அதே. இங்கிலாந்தில் பிறந்தவர் என்றால் மாவட்டம், ஊர் இரண்டையும் எழுத வேண்டும். அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கு நாட்டின் பெயர் போதும் என்பது விதி. 1861-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அயர்லாந்தில் பிறந்தவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்த ஊர் அந்த ஒரே சொல்லாகச் சுருங்கிப்போனது. அந்தத் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனால் எப்போதாவது ஓர் எழுத்தர் விதியை மீறி மாவட்டத்தையும் எழுதியிருப்பார். அதனால் ஒரு வருடத்துத் தாளைப் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. அவர் உயிரோடிருந்த ஒவ்வொரு கணக்கெடுப்பையும், அவருடைய அண்ணன் தம்பிகளின், மைத்துனர்களின் ஒவ்வொரு கணக்கெடுப்பையும் பார்க்க வேண்டும். எனக்கு 1881-இல் ‘மேயோ’ என்று கிடைத்தது. அயர்லாந்தின் மேற்கு ஓரத்து மாவட்டம், பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. டப்ளின் கதை அன்றோடு முடிந்தது.

வயதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்தில் அவருக்கு ஏழு வயதுதான் கூடியிருந்தது, அடுத்த பத்து வருடத்தில் பதினான்கு. பிறந்த நாள் என்று ஒன்றைக் கொண்டாடாத வாழ்க்கை அது. என் சொந்தப் பாட்டிக்கும் பிறந்த வருடம் தெரியாது, “அந்தப் பெரிய புயலுக்கு முந்தின வருஷம்” என்பார். எனவே வயது ஐந்தாறு வருடம் முன்னே பின்னே இருந்தால் ஆளைத் தள்ளிவிடாதீர்கள்.

குடும்பப் பெயர் விஷயமும் அப்படித்தான். என் அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் மூன்றாவது மாதிரி. மூன்றும் அவர்தான். கொள்ளுத்தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் பெயருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறிதான் போட்டிருக்கிறார். மேயோவில் அன்று வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. அவர் சொன்ன ஒலியை லங்காஷயர் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். மொத்தம் ஆறு விதமான எழுத்துகளில் அந்தப் பெயரைக் கண்டேன். ‘ஓ’, ‘மக்’ என்ற முன்னொட்டுகள் ஒரு தாளில் இருக்கும், இன்னொன்றில் காணாமல் போயிருக்கும். சில பெயர்களை மொழிபெயர்த்தே விட்டார்கள். மக்கவன் என்ற பெயரில் இருப்பது ஐரிஷில் கொல்லனைக் குறிக்கும் சொல் என்பதால் சிலர் ஸ்மித் ஆகிவிட்டார்கள். ஆகவே தேடும்போது கண்ணை நம்பாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பெயரைப் பத்துத் தரம் உரக்கச் சொன்னால் எழுத்தர் எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று ஓரளவு பிடிபடும்.

1854-இல் லிவர்பூலில் நடந்த அவருடைய திருமணத்தின் சான்றிதழை வாங்கினேன். அதில் மணமகன், மணமகள் இருவரின் தகப்பன் பெயரும் தொழிலும் இருந்தன. தாய் பெயர் இல்லை. இங்கிலாந்தின் திருமணப் பதிவில் தாயின் பெயர் வரத் தொடங்கியதே 2021-இல்தான். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரே கிடையாது. இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். அதே திருமணத்துக்குத் தேவாலயத்தில் இன்னொரு பதிவு இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், பத்துப் பன்னிரண்டு சொல் தெரிந்தால் போதும். ஜேம்ஸ் என்றால் யாகோபுஸ், ஜான் என்றால் யோவான்னெஸ், வில்லியம் என்றால் குலியெல்முஸ், பிரிஜிட் என்றால் பிரிகிதா. ‘ஓலிம்’ என்று ஒரு சொல் வரும், ‘முன்பு’ என்று அர்த்தம். ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் அது வந்தால், தொடர்ந்து வருவது அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர். லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் என்ற தன்னார்வலர்கள் இந்தப் பதிவேடுகளை வருடக்கணக்காக உட்கார்ந்து தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. அங்கேதான் மணமகனின் தாய் பெயரும், ஓலிம் போட்டு அவளுடைய குடும்பப் பெயரும் கிடைத்தன. தகப்பன், தாய், தாயின் பிறந்த வீடு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் பெயருக்கு ஓர் அடையாளம் வருகிறது. ஒன்பது பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளில் ஞானத்தாய் தந்தையர் யார் என்றும் குறித்துவைத்தேன். அதில் ஒரு பெண்ணின் பெயர் மூன்று தரம் வந்தது. அவள் அவருடைய தங்கை என்று பின்னால் தெரிந்தது.

இப்போது மாவட்டம் தெரியும், பெற்றோர் பெயர் தெரியும், ஊர் மட்டும் தெரியாது. அந்த நிலையில் ஒரு வருடம் அப்படியே நின்றேன். பூட்டைத் திறந்தது 1881-ஆம் வருடத்துத் தாளேதான். ‘மேயோ’ என்று பார்த்தபோது நான் பார்த்தது அந்த ஒரு பக்கத்தை மட்டும். அவருடைய குடும்பம் அந்தப் பக்கத்தின் அடிவரை இருந்தது. கடைசி மகனோடு பக்கம் முடிந்தது. குடும்பமும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு எதையோ சரிபார்க்கப் போய் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மேலே முதல் வரியில் ஒருவர். குடும்பத் தலைவருக்கு உறவு: சகோதரர். தொழில்: செல்சி பென்ஷனர். பக்கம் மாறிய இடத்தில் அட்டவணை தயாரித்தவர்கள் அவரைத் தனி வீடாக ஏற்றியிருந்தார்கள். தயவுசெய்து ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பக்கத்து வீடுகளில் யார், வாடகைக்குத் தங்கியவர்கள் யார் என்றும் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தெருவில்தான் குடியேறினார்கள்.

செல்சி பென்ஷனர் என்றால் ராணுவத்தில் சேர்ந்து, காலம் முடித்து ஓய்வூதியம் வாங்குகிறவர். பிரிட்டிஷ் ராணுவம் ஆளைச் சேர்க்கும்போது எந்தப் பாரிஷில் (சில ஊர்கள் சேர்ந்த சிறு வட்டாரம்), எந்த ஊருக்குப் பக்கத்தில், எந்த மாவட்டத்தில் பிறந்தவர் என்று கேட்டு எழுதியது. லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 97 என்ற வரிசையில் அந்த விடுவிப்புக் காகிதங்கள் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: 1883-க்கு முந்திய காகிதங்கள் பெரும்பாலும் ஓய்வூதியம் பெற்றவர்களுக்கு மட்டுமே இருக்கின்றன. பணியில் இறந்தவர்களை அங்கே தேடிச் சலிக்க வேண்டாம்.

காகிதம் கிடைத்தது. 1855-இல், 19 வயதில் சேர்ந்திருக்கிறார். உயரம், தலைமுடி எல்லாம் எழுதியிருந்தது, கண் சாம்பல் நிறம். ‘ஈஸ்ட் இண்டீஸ்’, அதாவது இந்தியப் பக்கம், ஒன்பது வருடச் சேவை. அந்த வரியை அப்பாவுக்குப் போனில் படித்தபோது, “நம்ம ஊருக்கு வந்திருக்காரா!” என்று சத்தம் போட்டார். எந்த ஊர் என்று அதில் இல்லை. அவர் பிறந்த இடம் மட்டும் தெளிவாக இருந்தது: ஒரு பாரிஷின் பெயர், ஸ்வின்ஃபோர்டு நகரத்துக்குப் பக்கத்தில், மேயோ மாவட்டம்.

கொள்ளுத்தாத்தாவை நேராகத் துரத்திய வருடங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் தம்பியின் சட்டைப்பையில் ஊர் இருந்தது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். ஒரு ஏழைக் கூலியைப் பற்றி அரசுக்கு எழுத எந்த அவசியமும் இல்லை. அவரைச் சுற்றி இருந்த யாரோ ஒருவர் சிப்பாயாகவோ, போலீஸாகவோ, ஏழைகள் விடுதியில் சேர்ந்தவராகவோ இருந்திருப்பார். அந்த ஒருவரைப் பற்றி எழுத அவர்களுக்குக் காரணம் இருந்தது. லிவர்பூல் மத்திய நூலகத்தின் ஆவணப் பிரிவில் பிரவுன்லோ ஹில் ஏழைகள் விடுதியின் பதிவேடுகள் இருக்கின்றன. பஞ்ச காலத்தில் உதவி கேட்டு வந்தவர்களைத் திரும்ப அயர்லாந்துக்கே அனுப்பினார்கள், 1847-இல் லிவர்பூலிலிருந்து மட்டும் சுமார் 15,000 பேரை. அந்த அச்சத்தில் எத்தனை பேர் அதிகாரிகளிடம் தங்கள் ஊரைச் சொல்லாமல் மறைத்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஊர் தெரிந்த பிறகுதான் அயர்லாந்தின் ஆவணங்களுக்குப் போனேன். அங்கே இழப்பு பெரிது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர எல்லாம் போயின. 1861-உம் 1871-உம் அதற்கு முன்பே அரசு உத்தரவில் அழிக்கப்பட்டவை. 1881-உம் 1891-உம் முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. முழுமையாக மிஞ்சியவற்றில் பழையவை 1901, 1911 இரண்டும்தான். அவற்றை அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகக் கொடுக்கிறது. எரிந்தவற்றின் நகல்களை உலகமெங்கும் தேடிச் சேர்த்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரி முன்னின்று நடத்தும் மெய்நிகர் ஆவணக் கருவூலம் ஒன்று 2022-இல் திறக்கப்பட்டது. மாதம் ஒருமுறை அதைப் பார்த்துவிடுவேன்.

எல்லாக் குடிமக்களின் பிறப்பு இறப்பையும் அயர்லாந்து அரசு பதியத் தொடங்கியது 1864-இல்தான். ஐரிஷ்ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் அந்தப் பதிவேட்டுப் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் கத்தோலிக்கப் பாரிஷ் பதிவேடுகள்தான் கதி. தேசிய நூலகம் அவற்றின் மைக்ரோஃபிலிம்களை 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. இங்கே ஒரு குழப்பம் வரும். ராணுவ எழுத்தர் எழுதியது அரசு நிர்வாகப் பாரிஷ். கத்தோலிக்கத் திருச்சபையின் பாரிஷ் வேறு. எல்லையும் வேறாக இருக்கலாம், பெயரும் வேறாக இருக்கலாம். வரைபடத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுவிட்டே பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

எங்கள் பாரிஷின் பதிவேடு கொள்ளுத்தாத்தா பிறந்து பல வருடம் கழித்துத்தான் தொடங்குகிறது. மேற்கு அயர்லாந்தில் பல ஏழைப் பாரிஷ்களில் இதே கதைதான். அவருடைய ஞானஸ்நானப் பதிவு உலகத்தில் எங்கேயும் இல்லை, இனியும் கிடைக்காது. மங்கிப்போன மையில், ஈரம் பட்டுக் கலங்கிய பக்கங்களை இரண்டு மாதம் வரிவரியாகப் படித்தேன். ஒரு பெண் குழந்தையின் ஞானஸ்நானம் வந்தது. தகப்பன் பெயர், தாய் பெயர், தாயின் குடும்பப் பெயர் மூன்றும் லிவர்பூல் திருமணப் பதிவில் இருந்தவையேதான். பஞ்சத்துக்குச் சற்று முன் பிறந்த கடைசித் தங்கை. அவள் பெயருக்குப் பக்கத்தில் டவுன்லாண்டின் பெயர்.

டவுன்லாண்ட் என்ற சொல்லைக் கேட்டு நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது அயர்லாந்தின் மிகச் சிறிய நில அலகு, நம் கணக்கில் ஒரு குக்கிராமம். நாடு முழுக்க 60,000-க்கு மேல் இருக்கின்றன. ஒரே பெயரில் பல உண்டு, எனவே எந்தப் பாரிஷ் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை வரி போடுவதற்காக நாடு முழுவதும் நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டார்கள். ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் அது வரைபடத்தோடு இலவசம். எங்கள் டவுன்லாண்டில் அதே குடும்பப் பெயரில் மூன்று வீடுகள் இருந்தன. கொள்ளுத்தாத்தா அதற்குள் விட்னஸ் பக்கம் வந்துவிட்டார், அவர் பெயர் இருக்காது. தகப்பனார் பெயர் இருந்தது. அதற்குப் பிந்திய திருத்தப் புத்தகங்களில், ஒவ்வொரு தடவையும் வேறு நிற மையில் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வந்தால் 1901 கணக்கெடுப்பில் அந்த வீட்டில் யார் இருந்தார் என்பது வரை சங்கிலி அறுபடாமல் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு தமிழச்சியாக எனக்கு உதவிய ஒரு விஷயம். ஐரிஷ் குடும்பங்களில் முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் வைப்பது வழக்கம். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். படித்தவுடன் சிரித்துவிட்டேன். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. கொள்ளுத்தாத்தாவின் ஒன்பது பிள்ளைகளின் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதல் மகன், இரண்டாவது மகள் இருவரின் பெயரும் மேயோவில் கிடைத்த தகப்பன், தாய் பெயர்களோடு அப்படியே பொருந்தின. இது சாட்சி ஆகாது, எல்லாரும் வழக்கத்தை அப்படியே பின்பற்றவில்லை. ஆனாலும் எனக்கு அந்த ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

சாட்சியாக நின்றது டிஎன்ஏ. எச்சில் பரிசோதனையை என் கணவருக்குச் செய்யாமல் அத்தைக்குச் செய்தோம். ஒரு தலைமுறை மூத்தவரிடம் மூதாதையின் பங்கு இரண்டு மடங்கு இருக்கும் என்பதால், வீட்டில் யார் மூத்தவரோ அவருக்குத்தான் முதலில் செய்ய வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனிலிருந்து ஒரு பெண் பொருந்தினார், 61 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவாக இருக்கும் டிஎன்ஏவின் அளவு). மூன்றாவது தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரிகளுக்குச் சராசரி 73 என்கிறார்கள், அதற்குப் பக்கம்தான். அவருடைய கொள்ளுப்பாட்டி மேயோவில் அதே பாரிஷிலிருந்து போனவர். அந்தக் கடைசித் தங்கை. ஸ்க்ரான்டன் குடும்பத்தில் யாருக்கும் லிவர்பூலுக்குப் போன அண்ணனைப் பற்றித் தெரியாது. இப்போது அத்தையும் அவரும் ஞாயிறுதோறும் வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள்.

என் கணவர் ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமா என்று கேட்டார். தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அத்தைக்கே அது கொள்ளுத்தாத்தா என்பதால் எங்களுக்கு வழியில்லை. பணம் பற்றிக் கேட்பவர்களுக்கு: முதல் ஆறு மாதம் எந்தச் சந்தாவும் கட்டாதீர்கள். இங்கிலாந்தின் பல பொது நூலகங்களில் கட்டணத் தளங்களை இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள், ஃபேமிலிசர்ச் என்ற தளம் எப்போதும் இலவசம். தேடிக் கிடைக்காததையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அது இல்லாததால் ஒரே பதிவேட்டை நான் மூன்று முறை படித்திருக்கிறேன்.

போன மே மாதம் அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். லிவர்பூலிலிருந்து நாக் விமான நிலையம், அங்கிருந்து ஸ்வின்ஃபோர்டு கொஞ்ச தூரம்தான். ஊருக்குள் பழைய ஏழைகள் விடுதி இருந்த இடத்துக்குப் பின்னால், பஞ்சத்தில் செத்த 564 பேரைப் பெட்டிகூட இல்லாமல் ஒன்றாகப் புதைத்த குழி இருக்கிறது. அத்தை பிஸ்கட் டின்னிலிருந்த ஜெபமாலையைக் கொண்டுவந்திருந்தார். அங்கே வெகுநேரம் நின்றார். டவுன்லாண்டில் வீடு எதுவும் மிச்சம் இல்லை. முள் புதருக்குள் இடுப்பளவு கல் சுவர் ஒன்று, சுற்றிலும் ஆடு மேயும் ஈரப் புல்வெளி. பக்கத்து நிலத்துக்காரர் கேட்டைத் திறந்துவிட்டு, அந்த இடத்தின் பெயரை ஐரிஷில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டினார். அத்தை நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் போனை வாங்கி மதுரைக்கு வீடியோ கால் போடச் சொன்னார். அப்பா எடுத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல் அந்தப் பெயரைச் சொன்னார். அப்பா ஒன்றும் புரியாமல் விழித்தார். “சொந்த ஊர்” என்றார் அத்தை, தமிழில்.

திரும்பி வரும் விமானத்தில், தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “கொள்ளுப்பாட்டி எந்த ஊர்?” நான்கு கணக்கெடுப்பிலும் அவளுக்கு அயர்லாந்து என்று மட்டும்தான் இருக்கிறது. திருமணப் பதிவேட்டில் அவள் பக்கத்துச் சாட்சியாக ஒரு பெண் கைநாட்டு வைத்திருக்கிறாள், அதே குடும்பப் பெயர். இந்த வாரம் அவளைத் தேட ஆரம்பித்திருக்கிறேன்.